கொலை வழக்கில் அப்பா சிறையில், மகனும் கை நீட்டுகிறான்: இது ரத்தத்தில் வருவதா?

வாசகி எழுதியிருப்பது

தென்மாவட்டச் சிறு நகரம் ஒன்றிலிருந்து 36 வயது வாசகி எழுதியிருக்கிறார். ஜவுளிக்கடையில் வேலை. கணவர் குடிப்பழக்கம் உள்ளவர். வரப்புத் தகராறில் பங்காளி ஒருவரை வெட்டிக் கொன்ற வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று ஏழு வருடமாகச் சிறையில் இருக்கிறார். 13 வயது மகனோடும் 8 வயது மகளோடும் வாசகி தன் அண்ணன் வீட்டில் வசிக்கிறார். அண்ணனுக்கு இரண்டு வயதில் ஒரு குழந்தை.

மகன் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறான். ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஓரிடத்தில் உட்காரமாட்டான், பென்சில் பாக்ஸ் வாரம் ஒன்று தொலையும். இந்த ஒரு வருடமாகத் தங்கையை அடிக்கிறான். செல்போனைப் பிடுங்கியதற்கு அதைச் சுவரில் எறிந்து உடைத்தான். தெரு நாய்க்குட்டியைக் கல்லால் அடித்தான், சாயங்காலம் அவனே அதற்கு பிஸ்கட் வாங்கிப் போட்டான். போன மாதம் வகுப்பில் ஒருவன் "கொலைகாரன் மகன்" என்று சொல்ல, காம்பஸால் அவன் புறங்கையில் குத்திவிட்டான். இரண்டு தையல். அப்பா துபாயில் இருக்கிறார் என்று சொல்லியே அவனை வளர்த்திருக்கிறார்கள்.

தலைமையாசிரியர் டி.சி. வாங்கிக்கொண்டு போகச் சொல்கிறார். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்கிறார்கள் கணவர் வீட்டார். அண்ணன் பெல்ட்டை எடுக்கிறார். தெரிந்த ஏட்டை வைத்து ஸ்டேஷனில் ஒருநாள் உட்கார வைத்து மிரட்டலாம் என்றும் சொல்கிறார். கறியும் முட்டையும் உடம்புக்குச் சூடு, கோபம் ஏறும் என்று நிறுத்திவிட்டார்கள். இணையத்தில் 'குற்ற மரபணு' பரிசோதனை விளம்பரம் ஒன்றைப் பார்த்திருக்கிறார், அதற்குப் பத்தாயிரத்துக்கு மேல் கேட்கிறார்கள். அந்தப் பரிசோதனையோ மூளை ஸ்கேனோ எடுக்கலாமா? கண்டிப்பான ஹாஸ்டல் பள்ளியில் சேர்க்கலாமா? அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடலாமா? இவை அவருடைய கேள்விகள். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: அண்ணன் வீட்டு முன்வாசலில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்து விற்கிறார், லீவு நாளில் மகனும் கூடமாட உதவுகிறான்.

மனநல மருத்துவரின் பதில்

அன்புச் சகோதரி,

ஊர் உங்களைப் பயமுறுத்தி வைத்திருக்கும் கேள்விக்கு முதலில் வருகிறேன். டென்மார்க்கில் 1924 முதல் 1947 வரை தத்துக் கொடுக்கப்பட்ட 14,427 பேரின் பதிவுகளை எடுத்து, பெற்றவர்கள் யார், வளர்த்தவர்கள் யார், எவரெவர் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆய்வு 1984-இல் வெளியானது. பெற்றவர், வளர்த்தவர் எவருமே தண்டனை பெறாத வீட்டு ஆண் பிள்ளைகளில் 13.5 சதவீதம் பேர் பின்னாளில் தண்டனை பெற்றார்கள். பெற்றவர் மட்டும் தண்டனை பெற்றவர் என்றால் அது 20 சதவீதம். ஆக, கொஞ்சம் கூடுகிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் குற்றவாளிக்குப் பிறந்த அந்தப் பிள்ளைகளில் நூற்றுக்கு எண்பது பேர் எந்தத் தண்டனைக்கும் ஆளாகவில்லை என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. இன்னொன்று: பெற்றவரோடு இருந்த அந்தத் தொடர்பு திருட்டு, மோசடி போன்ற சொத்துக் குற்றங்களில்தான் தெரிந்தது. அடிதடி, கொலை போன்ற வன்முறைக் குற்றங்களில் தெரியவில்லை.

அடுத்து அந்த 'குற்ற மரபணு'. விளம்பரக்காரர்கள் சொல்வது எம்.ஏ.ஓ.ஏ. என்ற மரபணுவை. 1993-இல் நெதர்லாந்தில் ஒரே குடும்பத்து ஆண்கள் பலரிடம் இந்த மரபணு அடியோடு செயலிழந்திருந்ததையும், அவர்கள் அறிவுத்திறன் குன்றி, முரட்டுத்தனமாக நடந்துகொண்டதையும் கண்டுபிடித்தார்கள். அது உலகிலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களில் மட்டும் காணப்படும் கோளாறு. பணம் வாங்கிக்கொண்டு பரிசோதித்துச் சொல்வது அதை அல்ல. மரபணு சற்று மந்தமாக வேலை செய்யும் ஒரு சாதாரண வகையைத்தான் சொல்கிறார்கள். ஆண்களில் மூன்றில் ஒருவருக்காவது அது இருக்கும். உங்கள் தெருவில் பாதி வீட்டில் பரிசோதித்தாலும் யாருக்காவது வரும்.

உங்கள் கணவர் வீட்டாருக்கு ஒரு தகவல். இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு அப்பாவிடமிருந்து ஒய் குரோமோசோம்தான் வரும், எக்ஸ் அம்மாவிடமிருந்து வருவது. எனவே உங்கள் கணவரிடம் இந்த மரபணு எந்த வகையாக இருந்தாலும் அது மகனுக்குப் போயிருக்க வழியே இல்லை. பரிசோதனைப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள், எதற்கென்று கீழே சொல்கிறேன்.

நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972–73-இல் பிறந்த 1,037 குழந்தைகளை இன்றுவரை பின்தொடர்கிறார்கள். 2002-இல் வந்த முடிவு: மந்தமான வகை இருந்தும் வீட்டில் கொடுமைக்கு ஆளாகாமல் வளர்ந்த ஆண்கள் மற்றவர்களைப் போலவே இருந்தார்கள். மந்தமான வகையும் சிறு வயதுக் கொடுமையும் சேர்ந்த ஆண்கள் மொத்தத்தில் 12 சதவீதம்தான். அவர்கள் பெயரில் மட்டும் 44 சதவீத வன்முறைத் தண்டனைகள். மரபணுவை மாற்ற நம்மால் ஆகாது. அடியும் உதையும் நம் கையில் இருக்கிறது. அதனால்தான் பரிசோதனை முடிவு எப்படி வந்தாலும் நீங்கள் செய்ய வேண்டிய காரியம் ஒன்றேதான்: பெல்ட்டை வீட்டிலிருந்து எடுப்பது.

பிறவியில் வரக்கூடியது குற்றம் அல்ல, சில சாய்வுகள். யோசிக்குமுன் கை போவது, ஓரிடத்தில் நிலைக்காத கவனம், போதைக்கு எளிதில் அடிமையாவது போன்றவை. உங்கள் மகனிடம் முதல் இரண்டும் தெரிகின்றன. மூன்றாவதைப் பிறகு பார்ப்போம்.

ஆறு வயது வரை அவன் பார்த்தது

ஒரு குழந்தை அதிகமாக அடிப்பதும் கடிப்பதும் இரண்டு மூன்று வயதில். அதன் பிறகு அடிக்காமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது. அடிப்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கையை மடக்கிக்கொள்வதைத்தான் வீடு சொல்லித்தருகிறது. உங்கள் மகன் அதைக் கற்க வேண்டிய வயதில், கணவர் குடித்துவிட்டு உங்களை அடித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: கதவு தட்டும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு அடி உண்டா இல்லையா என்று அவனுக்குத் தெரிந்துவிடும் என்று.

இப்படி வளர்ந்த பிள்ளையின் மூளை ஆபத்தை முந்திக்கொண்டு மோப்பம் பிடிக்கப் பழகியிருக்கும். அடிபட்டு வளர்ந்த குழந்தைகளிடம், மெல்ல மெல்லக் கோபமாக மாறும் முகப் படங்களைக் காட்டிய ஆய்வுகள் உண்டு. மற்ற பிள்ளைகளுக்கு இன்னும் ஒன்றும் புலப்படாத கட்டத்திலேயே இவர்கள் அதைக் கோபம் என்று கண்டுகொள்கிறார்கள். ஆபத்தான வீட்டில் அது உயிர் காக்கும் திறமை. வகுப்பறையில் அதே திறமை வம்பாகிறது. சும்மா பார்த்தவன் "முறைத்தான்" ஆகிறான், தெரியாமல் இடித்தவன் "வேணும்னே இடிச்சான்" ஆகிறான். உங்கள் கடிதத்தில் மகன் சொன்னதாக "அவன்தான் முதல்ல முறைச்சான்" என்ற வாக்கியம் மூன்று இடங்களில் வருகிறது. பொய் சொல்கிறான் என்று நினைக்காதீர்கள். அவன் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்.

நாய்க்குட்டி விஷயம் உங்களை மிகவும் கலக்கியிருக்கிறது. பிராணிகளை வதைப்பது கவனிக்க வேண்டிய அறிகுறிதான். ஆனால் எனக்கு அதில் முக்கியமாகப் படுவது சாயங்கால பிஸ்கட். ஆத்திரத்தில் கை நீட்டிவிட்டு அப்புறம் மனம் உறுத்துகிற பிள்ளைக்கும், திட்டமிட்டு வதைத்து ரசிக்கிற பிள்ளைக்கும் வைத்தியமும் வேறு, எதிர்காலமும் வேறு. உங்கள் மகன் முதல் வகை. நீங்கள் எழுதிய சம்பவங்கள் அத்தனையும் சீண்டலுக்குப் பிறகு நடந்தவை.

முன்வாசலில் உடைக்கும் பேட்டரி

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். இதைக் கட்டாயம் உங்கள் அண்ணனிடம் காட்டுங்கள்.

பேட்டரியை உடைத்துத் தகடுகளைப் பிரிக்கும்போது சாம்பல் நிறத்தில் ஒரு பொடி உதிரும். அது ஈயச் சேர்மம். காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத தூசியாகக் கை, சட்டை, தலைமுடி, வாசல் மண் எல்லாவற்றிலும் ஒட்டுகிறது. சட்டியில் உருக்கினால் புகையும் சேரும். ஈயம் உடலுக்குள் போனால் கால்சியம் போல வேடமிட்டு நரம்புக்குள் நுழைகிறது. வளரும் மூளையில், குறிப்பாகப் பொறுமைக்கும் நிதானத்துக்கும் பொறுப்பான முன்பகுதியில், கெடுதல் செய்கிறது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் தாயின் வயிற்றில் இருந்த காலம் முதல் பின்தொடரப்பட்ட 250 பேரில், சிறு வயதில் ரத்த ஈயம் கூடக் கூட, வளர்ந்த பிறகு கைதுகளும் கூடியிருந்ததை 2008-இல் வெளியிட்டார்கள். ஈயம் ஏறிய பிள்ளைகள் எல்லாம் குற்றவாளி ஆவார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. ஏற்கெனவே பதற்றமும் துடிப்பும் உள்ள பிள்ளைக்கு இது எரிகிற கொள்ளியில் எண்ணெய்.

மரபணுப் பரிசோதனைக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதியை ரத்த ஈயப் பரிசோதனைக்குச் செலவழியுங்கள். மகனுக்கு மட்டுமல்ல, மகளுக்கும், எல்லாருக்கும் முன்னால் அண்ணனின் இரண்டு வயதுக் குழந்தைக்கும். தவழ்ந்து, மண்ணைத் தொட்டு, கையை வாயில் வைக்கும் அந்தக் குழந்தைக்குத்தான் வீட்டிலேயே ஆபத்து அதிகம். முழங்கை நரம்பிலிருந்து, ஈயப் பரிசோதனைக்கென்றே உள்ள குழாயில் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூசியே கலந்து அளவை ஏற்றிக் காட்டிவிடும். சிறிய லேப்களில் செய்யமாட்டார்கள், பெரிய லேப்களின் கிளைகள் மாதிரியை வாங்கி அனுப்புவார்கள்.

அறிக்கையை இப்படிப் படியுங்கள். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்துக்கு 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்காவில் 2021 முதல் 3.5-லேயே கவனிக்கத் தொடங்குகிறார்கள். 45-ஐத் தொட்டால் ஈயத்தை வெளியேற்றும் மருந்து தேவை, அது பெரிய ஆஸ்பத்திரியில் மட்டும். 20-க்கும் 44-க்கும் இடைப்பட்ட அளவுள்ள 780 குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்த மருந்தையும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையையும் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், ரத்த அளவு இறங்கியது, புத்தியிலோ நடத்தையிலோ முன்னேற்றம் தெரியவில்லை. ஆகவே 'ஈயம் இறக்கும்' சூரணம், பஸ்பம் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். சில உலோகப் பஸ்பங்களில் ஈயமே இருக்கும்.

வருகிற வழியை அடைப்பதுதான் வைத்தியம். இன்றிலிருந்து மகன் அந்த வேலையைத் தொடக்கூடாது. அண்ணன் பேட்டரிகளை உடைக்காமல் முழுசாகவே அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரர்களுக்கு விற்பது நல்லது. லாபம் குறையும், மறுக்கவில்லை. அதுவரை உடைப்பதும் உருக்குவதும் வீட்டு எல்லைக்குள் வேண்டாம். வேலைச் சட்டையோடு வீட்டுக்குள் வரக்கூடாது, அந்தத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். வாசலையும் கூடத்தையும் விளக்குமாற்றால் பெருக்காதீர்கள், தூசி எழும்பி மூக்குக்குள்தான் போகும். ஈரத்துணியால் துடையுங்கள். பிள்ளைகள் சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

கறியும் முட்டையும் நிறுத்தியது இங்கேதான் தவறாகிறது. உடம்பில் இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்தால் குடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும். வெறும் வயிறும் அப்படியே. கறியால் கோபம் ஏறும் என்பதற்கு ஆதாரம் இல்லை, ரத்தசோகையால் எரிச்சலும் கவனக்குறைவும் கூடும் என்பதற்கு உண்டு. முட்டையைத் திரும்பக் கொடுங்கள். ராகி, முருங்கைக்கீரை, பால், நெல்லிக்காய், முடிந்தபோது ஈரல். காலையில் சாப்பிடாமல் பள்ளிக்குப் போகவேண்டாம். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுங்கள். ஈயம் எலும்பில் தங்கிவிடுவதால் அளவு மெதுவாகத்தான் இறங்கும், பதற வேண்டாம்.

எங்கே காட்டுவது, என்ன கேட்பது

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் போதும், கட்டணமில்லை. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவையைக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசுவார்கள். அங்கே போய் "ரொம்பக் கோபப்படுகிறான்" என்று மட்டும் சொன்னால் தூக்கம் வரவழைக்கும் ஒரு மாத்திரையோடு திரும்பிவிட வாய்ப்பு இருக்கிறது. இரண்டு விஷயங்களைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஒன்று, ஏ.டி.ஹெச்.டி. என்கிற கவனக்குறைவு–மிகைத்துடிப்புக் கோளாறு. பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், வீடு பள்ளி இரண்டிலும் தெரிய வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் வாய்ப்பு அதிகம். பழைய ரேங்க் கார்டுகளையும் ஆசிரியர் குறிப்புகளையும் கொண்டுபோங்கள். மருந்து தேவைப்பட்டால் தயங்காதீர்கள். சுவீடனில் இந்தக் கோளாறு உள்ள 25,656 பேரைப் பார்த்ததில், அதே ஆண்களே மருந்து எடுத்த காலத்தில், எடுக்காத காலத்தைவிட 32 சதவீதம் குறைவாகக் குற்ற வழக்குகளில் சிக்கினார்கள். மருந்தால் பசி குறையலாம். ஒவ்வொரு தடவையும் எடை, உயரம், ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு, சிறு வயது அதிர்ச்சியின் மிச்சம். கெட்ட கனவு, திடுக்கிட்டு விழிப்பது, சத்தத்துக்குத் துள்ளி எழுவது இருந்தால் சொல்லுங்கள். இதற்கெனத் தனிப் பேச்சு சிகிச்சை இருக்கிறது.

ஹீமோகுளோபின், தைராய்டு, கண், காது பரிசோதனை சேர்த்துக்கொள்ளலாம். ஸ்கேன் எடுத்து "இவன் குற்றவாளி ஆவான், ஆகமாட்டான்" என்று சொல்லும் வித்தை எந்த ஊரிலும் இல்லை. வலிப்பு, நினைவு தப்பிய தலைக்காயம், காலையில் தலைவலியோடு வாந்தி, திடீரென்று ஆளே மாறிப்போவது இவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் ஸ்கேன் தேவை. வண்டியிலிருந்தோ மாடியிலிருந்தோ எப்போதாவது விழுந்திருக்கிறானா என்று யோசித்துப் பாருங்கள்.

அடியாத மாடு படியாது என்பார் உங்கள் அண்ணன்

அவர் உங்களுக்குக் கூரை தந்தவர், அவரை விரோதித்துக்கொள்ள முடியாது என்பது எனக்குப் புரிகிறது. அவரிடம் அடிக்காதே என்று மட்டும் சொல்லாமல், அடிக்குப் பதில் என்ன செய்வது என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். பெல்ட் அன்றைக்கு அடக்கும். பெரியவன் கோபப்பட்டால் சின்னவனை அடிக்கலாம் என்ற பாடத்தையும் கூடவே நடத்திவிடும். தங்கையிடம் அவன் அதைத்தான் செய்கிறான்.

ஸ்டேஷன் மிரட்டல் யோசனை அமெரிக்காவில் எப்போதோ செய்து பார்த்தாகிவிட்டது. 1970-களில் நியூ ஜெர்சியின் ராவே சிறையில், வழிதவறும் பையன்களை அழைத்துப்போய் ஆயுள் கைதிகளை விட்டு மிரட்டினார்கள். பெரிய புகழ் கிடைத்தது. பிறகு, மிரட்டப்பட்டவர்களையும் மிரட்டப்படாதவர்களையும் முறையாக ஒப்பிட்ட ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், மிரட்டப்பட்டவர்கள்தான் பின்னால் அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள். அப்பா சிறையில் இருக்கும் பிள்ளைக்கு ஸ்டேஷன் பெஞ்சு 'நீயும் இங்கே வரவேண்டியவன்தான்' என்று சொல்லும். ஏட்டுக்கு ஒரு வணக்கத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

பதிலுக்குச் செய்ய வேண்டியது: ஒரு நோட்டு வாங்கி இரண்டு வாரம் ஒவ்வொரு சண்டையையும் எழுதுங்கள். முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது என்று மூன்று பத்தி. உதாரணத்துக்கு, "செவ்வாய் மாலை 6.40. கணக்கு ஹோம்வொர்க். மாமா 'அப்பன் புத்தி' என்றார். நோட்டைக் கிழித்தான். கத்திவிட்டு விட்டுவிட்டோம், டிவி பார்த்தான்." இப்படிப் பத்து வரி சேர்ந்தால் இரண்டு விஷயம் பளிச்சென்று தெரியும். எந்தச் சொல், எந்த நேரம் அவனைக் கிளப்புகிறது என்பது ஒன்று. ஆத்திரப்பட்டதால் ஹோம்வொர்க்கிலிருந்து தப்பித்துக்கொண்டான் என்பது இன்னொன்று. வீடு அறியாமலே கொடுக்கும் கூலி அது.

அதன் பிறகு, ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். அடுப்படியிலிருந்து கத்தாமல் பக்கத்தில் போய், பேர் சொல்லி, ஒரே வாக்கியத்தில். செய்தால் உடனே, என்ன செய்தான் என்று குறிப்பிட்டுப் பாராட்டுங்கள். செய்யாவிட்டால் இன்னொரு முறை சொல்லிவிட்டு, சின்னத் தண்டனை: அன்றைக்கு அரைமணி போன் கிடையாது. "ஒரு மாசத்துக்குப் போன் இல்லை" என்று சொல்லி மூன்றாம் நாள் கொடுத்துவிடுவதைவிட, அன்றோடு முடியும் அரைமணி வேலை செய்யும். தினமும் பதினைந்து நிமிடம் புத்திமதி எதுவும் சொல்லாமல் அவனோடு இருங்கள். தங்கையை அடித்தால் பேச்சு வார்த்தை இல்லை, இருவரையும் பிரித்துவிட்டு முதலில் தங்கையைக் கவனியுங்கள்.

முதல் பத்துப் பதினைந்து நாளில் ஆர்ப்பாட்டம் கூடும். பழைய கூலி கிடைக்காததால் விலையை ஏற்றிப் பார்க்கிறான். "சொன்னேன்ல, பெல்ட்தான் சரி" என்று அண்ணன் சொல்லப்போவது அந்த நாட்களில்தான், முன்கூட்டியே அவரிடம் சொல்லி வையுங்கள். "அப்பனை மாதிரி" என்ற சொல் வீட்டில் யார் வாயிலும் வரக்கூடாது.

பள்ளியும் போலீசும்

டி.சி. கேட்டு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவுப்படி எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. நீங்களாக விண்ணப்பித்து வாங்கிக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், அதனால்தான் உங்களையே கேட்கச் சொல்கிறார்கள். தலைமையாசிரியரை எதிரியாக்க வேண்டாம், காயம்பட்ட பையனின் பெற்றோர் அவருக்கு நெருக்கடி கொடுக்கலாம். சிகிச்சைக்குக் கூட்டிப்போகிறேன் என்று எழுதிக் கொடுங்கள், ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலை இணையுங்கள். முன் பெஞ்சில் உட்கார வைப்பது, காம்பஸை ஆசிரியரிடம் வாங்கி வைப்பது, கோபம் ஏறும்போது அனுமதி கேட்டு ஐந்து நிமிடம் வெளியே போய்வருவது என்று மூன்று உதவி கேளுங்கள். அப்போதும் பிடிவாதம் செய்தால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதுங்கள், 14417 என்ற பள்ளிக் கல்வி உதவி எண்ணிலும் சொல்லலாம். காயம்பட்ட பையன் வீட்டுக்கு மகனோடு போய் மன்னிப்புக் கேட்டு, வைத்தியச் செலவைக் கொடுத்துவிட்டு வாருங்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை, செய்ததற்குப் பொறுப்பேற்க அவன் பழக வேண்டும்.

அவர்கள் போலீசுக்குப் போனால்? பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் மீதான எந்த விசாரணையும் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படிதான் நடக்க வேண்டும். லாக்கப்பில் வைக்கக்கூடாது, விலங்கு மாட்டக்கூடாது. இதுபோன்ற சிறு குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். போடாமல், நாட்குறிப்பில் பதிந்து, குடும்பச் சூழல் அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அந்தச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, இந்த வயதில் நடந்தது பிற்காலத்தில் வேலைக்கோ படிப்புக்கோ தகுதிக்குறைவு ஆகாது என்கிறது. இலவச வக்கீலுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, எண் 15100.

ஹாஸ்டல் பற்றிக் கேட்டீர்கள். பெல்ட்டிலிருந்தும் பேட்டரியிலிருந்தும் அது அவனை விலக்கும் என்பது உண்மை. ஆனால் 'அடங்காத' பிள்ளைகளை ஒன்றாகப் போட்டுக் கண்டிப்பாக நடத்தும் இடங்களில் அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வதுதான் அதிகம். இந்த வருடம் வேண்டாம். சிகிச்சை பிடிபட்ட பிறகும் அண்ணன் மாறவில்லையென்றால், நல்ல விடுதி ஒன்றை அப்போது யோசிக்கலாம்.

நிலைமை மாறுவதைக் காட்டும் சில விஷயங்கள் உண்டு. கத்தி, பிளேடு ஒளித்து வைப்பது, பழிவாங்கத் திட்டம் போடுவது, தீ வைப்பது, வதைத்துவிட்டு வருத்தமே இல்லாமல் இருப்பது, செத்துப்போகிறேன் என்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த அப்பாயிண்ட்மெண்டுக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். வீட்டில் அரிவாள் இருந்தால் பூட்டி வையுங்கள்.

அப்பாவைப் பற்றிச் சொல்வது

சொல்லுங்கள், சீக்கிரம் சொல்லுங்கள். வகுப்பில் ஒருவன் சொல்லி அவன் காம்பஸை எடுத்திருக்கிறான் என்றால் அவனுக்குப் பாதி தெரியும். தெரிந்தும் உங்களிடம் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். துபாய்க் கதையை அவனும் சேர்ந்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். அந்தக் கதைக்குள் இருக்கும்வரை "கொலைகாரன் மகன்" என்ற சொல்லுக்கு அவனிடம் கையைத் தவிர வேறு பதில் இல்லை.

தங்கை இல்லாத நேரம் பாருங்கள். நீளமாகப் பேச வேண்டாம். "அப்பா துபாயில் இல்லை. குடிச்சிட்டு ஒரு சண்டையில ஒருத்தரைக் கொன்னுட்டாரு, அதுக்கு ஜெயில்ல இருக்காரு. உன்கிட்ட பொய் சொன்னது என் தப்பு. அவர் செஞ்சதுக்கு நீ காரணம் இல்லை, நீ அவர் இல்லை." அவ்வளவு போதும். அழுவான், கத்துவான், அல்லது ஒன்றுமே சொல்லாமல் எழுந்து போவான். கேள்விகள் இரண்டு நாள் கழித்து வரும், துண்டு துண்டாக. கேட்டதற்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். அப்பாவை அரக்கனாக்கவும் வேண்டாம், நியாயப்படுத்தவும் வேண்டாம். பள்ளியில் யாராவது கேட்டால் "அது எங்க வீட்டு விஷயம்" என்ற ஒரே வாக்கியத்தை அவனோடு சொல்லிப் பழகுங்கள்.

குடியைப் பற்றி மறைக்காதீர்கள். குடிக்கு அடிமையான அப்பாவின் பிள்ளைக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம், சிறு வயதில் தொடங்கினால் இன்னும் அதிகம். ரத்தத்தில் வருவது என்று ஊர் சொல்வதில் கவனம் வைக்க வேண்டிய ஒன்று உண்டென்றால் இதுதான். பதினாறு பதினேழு வயதில் நண்பர்கள் ஊற்றிக்கொடுக்கும்போது அவனுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

சிறையில் அப்பாவை மனு போட்டுப் பார்க்கக் கூட்டிப்போவதை அவனே கேட்கும்வரை தள்ளி வையுங்கள். கேட்டால், முதலில் நீங்கள் தனியாகப் போய்க் கணவரிடம் பேசுங்கள்: பையனுக்குத் தெரியும், வழக்கு நியாயம் பேசக்கூடாது, பங்காளிகளைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது, "நான் செய்தது தப்பு" என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். அதற்கு அவர் சம்மதிக்காவிட்டால் சந்திப்பு வேண்டாம், கடிதம் போதும். அதையும் நீங்கள் படித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.